அடைப்புக்குறிக்குள் ஒரு மலை

காரவள்ளியில் ஆரம்பிக்கும் எழுபது கொண்டை ஊசி வளைவுகளையும் பஸ் ஏறி முடிப்பதற்குள் காது இரண்டு தடவை அடைத்துத் திறக்கும். சோளக்காட்டில் இறங்கி ஒரு டீ குடித்தால்தான் எனக்குத் தலை நிற்கும். மாதத்தில் இரண்டு ஞாயிறு இப்படி ஏறி, செம்மேட்டில் பதினோராம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேருக்கு ஜாவாஸ்கிரிப்ட் சொல்லித் தருகிறேன். பிழைப்புக்கு பெங்களூரில் அதே மொழியில்தான் எழுதுகிறேன். இதைத் தொண்டு என்றெல்லாம் சொல்லவேண்டாம், கொல்லிமலையின் காற்றுக்கு நான் தரும் கூலி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

போன மழைக்காலத்தில் ஒரு பையன் தன் பாடப்புத்தகத்தைக் கொண்டுவந்து விரித்தான். பதினோராம் வகுப்பு, கணினி அறிவியல், தமிழ்வழி. அதில் சி ப்ளஸ் ப்ளஸ். ஆங்கிலத்தில் கிளாஸ் என்று சொல்வதை அந்தப் புத்தகம் 'இனக்குழு' என்கிறது. அடிப்படை இனக்குழு, தருவிக்கப்பட்ட இனக்குழு, மரபுரிமம். பையன் மலையாளிப் பழங்குடி. அவன் கேட்டான்: "சார், இனக்குழுன்னா நாங்கதானே? கம்ப்யூட்டர்ல எதுக்கு சார் எங்களப் போட்டிருக்காங்க?"

எல்லாரும் சிரித்தார்கள், நானும்தான். இறங்கி வரும்போது முப்பதாவது வளைவில் சிரிப்பு நின்றுவிட்டது. அந்தக் கேள்வியின் வேடிக்கையான பாதிக்கு நான் அங்கேயே பதில் சொல்லிவிட்டேன். மிச்சப் பாதிக்குத்தான் இந்தக் கட்டுரை.

கலைச்சொல் குழுவை நான் குறை சொல்லவில்லை. கிளாஸ் என்பதை 'வகுப்பு' என்று எழுதியிருந்தாலும் வகுப்புவாரி உரிமை, வகுப்புவாதம் என்று அது இழுத்துக்கொண்டு போகிற இடமும் இதேதான். தமிழில் பொருள்களைப் பிரித்து அடுக்கப்போனால் சொற்கள் தாமாகவே சாதிக்கும் குடிக்கும் போய் நிற்கின்றன. அது அகராதியின் குற்றமில்லை. என் சண்டை வேறு. இந்தப் பிள்ளைகளுக்கு முதன்முதலாகச் சொல்லித்தருவதே, ஒவ்வொரு பொருளும் ஏதோ ஓர் இனக்குழுவில் பிறந்தாக வேண்டும், அந்தக் குழு முதலில் வரையறுக்கப்பட்டிருக்க வேண்டும், வரையறைக்குள் வராதது பொருளே அல்ல என்பது. இதுதான் கணினியின் இயற்கை என்பதுபோலச் சொல்கிறோம். இது இயற்கை இல்லை, ஒரு வழக்கம். அந்த வழக்கத்தை மறுத்து எழுந்த மொழிகள் உண்டு. இன்று உலகத்து உலாவிகளிலெல்லாம் ஓடிக்கொண்டிருக்கும் மொழியே அப்படி ஒன்றுதான்.

கொஞ்சம் வரலாறு. 1980களின் நடுவில் ஜெராக்ஸ் பார்க் ஆய்வகத்தில் டேவிட் உங்கரும் ரேண்டல் ஸ்மித்தும் செல்ஃப் என்றொரு மொழியை வடிவமைத்தார்கள். அதில் கிளாஸ் கிடையாது. ஒரு பொருள் வேண்டுமென்றால் இருக்கிற இன்னொரு பொருளைக் காட்டி, "இதைப் போல, ஆனால் இது மட்டும் வேறு" என்று சொல்வீர்கள். நம் வீடுகளில் பிள்ளையை அறிமுகப்படுத்துவது இப்படித்தானே? "இவ அவங்க பெரியம்மா மாதிரியே, கோபம் மட்டும் இல்ல." 1995 மே மாதம் நெட்ஸ்கேப்பில் பிரெண்டன் ஐக் பத்து நாளில் ஒரு மொழியின் முதல் வடிவத்தை எழுதினார். செல்ஃபிலிருந்து இந்த முன்னோர் முறையை எடுத்துக்கொண்டார். ஆனால் மேலிடத்துக்கு அது ஜாவா போலத் தெரிய வேண்டும். அதனால் உள்ளே செல்ஃபின் எலும்பு, வெளியே ஜாவாவின் சட்டை. 2015இல் மொழித்தரத்தில் 'கிளாஸ்' என்ற சொல்லையே சேர்த்துவிட்டார்கள். சட்டைக்கு மேல் கோட்டும் ஆயிற்று. கோட்டைக் கழற்றினால் உள்ளே அதே எலும்புதான்.

அந்த எலும்பின் பெயர் ப்ரோட்டோடைப். 'முன்மாதிரி' என்று மொழிபெயர்ப்பதை நான் ஏற்பதில்லை. முன்மாதிரி என்றால் பின்பற்றத்தக்க உயர்ந்தது என்று பொருள் தொனிக்கும். இங்கே அப்படி ஒன்றுமில்லை. வெறும் முன்னோர், அவ்வளவுதான். ஒவ்வொரு பொருளுக்கும் உள்ளே கண்ணுக்குத் தெரியாத ஒரு கயிறு இருக்கிறது. அது இன்னொரு பொருளைப் பிடித்திருக்கும், அந்தப் பொருளின் கயிறு மற்றொன்றை. ஒரு பண்பை நீங்கள் கேட்டால், முதலில் அந்தப் பொருளிடமே இருக்கிறதா என்று பார்க்கும். இல்லையென்றால் கயிற்றைப் பிடித்து மேலே போகும். அங்கும் இல்லையென்றால் இன்னும் மேலே. பெரும்பாலும் எல்லாக் கயிறுகளும் ஆப்ஜெக்ட் ப்ரோட்டோடைப் என்ற மூத்த கிழவரிடம் போய் முடியும். அவருக்கு மேலே நல், அதாவது யாருமில்லை. அங்கும் கிடைக்காவிட்டால் பதில் அன்டிஃபைன்ட்.

எழுதும்போது விஷயம் மாறும். ஒரு பண்புக்கு நீங்கள் மதிப்பு எழுதினால் பொதுவாக அது அந்தப் பொருளிடம்தான் சேரும், முன்னோரைத் தொடாது. பேரன் பெயரை மாற்றிக்கொண்டால் தாத்தாவின் பெயர் மாறாது. ஆனால் அதற்குப் பிறகு பேரனிடம் கேட்டால் தாத்தாவின் பெயர் வெளியே தெரியாது. மறைந்திருக்கும், அழிந்திருக்காது. இந்த வித்தியாசத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

ஆக, ஒரு பொருளைப் பார்த்து நாம் கேட்கக்கூடிய கேள்விகள் ஒன்றல்ல. இது உன்னுடையதா? அதற்கு ஹேஸ்ஓன் இருக்கிறது. இது உனக்குக் கிடைக்குமா, உன்னுடையதோ முன்னோருடையதோ? அதற்கு இன் என்ற செயற்குறி. உன் உடனடி முன்னோர் யார்? கெட்ப்ரோட்டோடைப்ஆஃப். இன்னார் உன் முன்னோர் வரிசையில் எங்காவது இருக்கிறாரா? ஈஸ்ப்ரோட்டோடைப்ஆஃப். கடைசியாக, எல்லோரும் எடுத்தவுடன் எழுதுகிற இன்ஸ்டன்ஸ்ஆஃப்: நீ இந்தப் பெயர்ப்பலகைக்கு உரியவனா?

என் குற்றச்சாட்டு, நம் ஆசிரியர்களும் நேர்காணல் நடத்துபவர்களும் கடைசிக் கேள்வி ஒன்றை மட்டுமே சொல்லித்தருகிறார்கள், அதையும் தவறாக. அது பிறப்பைச் சோதிக்கிறது என்று சொல்கிறார்கள். சோதிப்பதில்லை. பெயர்ப்பலகை இந்த நிமிஷம் எந்த முன்னோரைக் கைகாட்டுகிறதோ அந்த முன்னோர் வரிசையில் உண்டா என்று மட்டும் பார்க்கிறது. பலகை நாளை வேறொருவரைக் கைகாட்டினால், நேற்று வரை உள்ளே இருந்தவன் இன்று வெளியே. அவனிடம் எந்த மாற்றமும் நடந்திருக்காது. 2015க்குப் பிறகு, என்ன கேட்டாலும் 'ஆம்' என்று சொல்லும்படி பலகையையே எழுதிவைக்கவும் முடியும்.

என் முதல் வேலையில் நடந்ததைச் சொல்கிறேன். ஓர் இணையப்பக்கம், அதற்குள் சின்ன ஜன்னலாக இன்னொரு பக்கம். உள்ஜன்னலில் ஆட்கள் பொருள்களைத் தேர்ந்தெடுப்பார்கள், பட்டியல் வெளிப்பக்கத்துக்கு வரும். வெளிப்பக்கம் வந்தது பட்டியல்தானா என்று இன்ஸ்டன்ஸ்ஆஃப் கொண்டு சோதிக்கும். இல்லை என்று வந்தது. எல்லாப் பொருள்களும் உள்ளே இருந்தன, எண்ணினால் எண்ணிக்கை சரி, வரிசை சரி. ஆனாலும் பட்டியல் இல்லையாம். மூன்று நாள் தேடினோம். ஒவ்வொரு ஜன்னலுக்கும் தனித்தனி அரே உண்டு, தனித்தனி முன்னோர் உண்டு. உள்ஜன்னலின் பட்டியல் உள்ஜன்னலின் அரேவுக்குப் பிறந்தது. வெளிப்பக்கம் தன் அரேவின் பிள்ளையா என்று கேட்டது. இரண்டும் ஒரே அச்சு, ஒரே செயல், ஒரே பெயர். நடுவில் ஒரு சட்டகத்தின் எல்லைக்கோடு. இந்தக் கோளாறு உலகம் முழுக்க ஆட்களைப் படுத்தியதால்தான் 2009இல் வந்த ஐந்தாம் பதிப்பில் ஈஸ்அரே என்று தனியாக ஒரு சோதனையைத் தந்தார்கள். எந்த ஜன்னலில் பிறந்தாலும் பட்டியல் பட்டியல்தான் என்று அது சொல்லும்.

இதைச் செம்மேட்டில் பலகையில் வரைந்து விளக்கியபோது, பின்வரிசைப் பெண்ணொருத்தி சொன்னாள்: "பர்கூர்க்காரங்க மாதிரி சார்."

எனக்கு முதலில் புரியவில்லை. பிறகு அவளே விளக்கினாள். நான் வீட்டுக்கு வந்து சட்டத்தை எடுத்துப் படித்தேன்.

இந்திய அரசியலமைப்பின் 342ஆம் பிரிவின்படி பழங்குடிகளின் பட்டியல் அறிவிக்கப்படுகிறது. 1950 ஆணை, 1976இல் பெரிதாகத் திருத்தப்பட்டது. பெரும்பாலான குடிகளுக்கு மாநிலத்துக்குள் இருந்த வட்டார வரம்புகள் அந்தத் திருத்தத்தில் நீங்கின. இருளர் என்றால் தமிழ்நாட்டில் எங்கிருந்தாலும் இருளர். சிலருக்கு மட்டும் அடைப்புக்குறி நின்றுவிட்டது. மலையாளி என்ற பெயருக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் ஆறு மாவட்டங்கள்: தர்மபுரி, வட ஆற்காடு, புதுக்கோட்டை, சேலம், தென் ஆற்காடு, திருச்சிராப்பள்ளி.

நாமக்கல் இல்லை. கொல்லிமலை நாமக்கல் மாவட்டத்தில் இருக்கிறது. அப்படியானால் செம்மேட்டுப் பிள்ளைகளுக்குச் சான்றிதழ் எப்படிக் கிடைக்கிறது? 1997இல் நாமக்கல் சேலத்திலிருந்து பிரிந்தது. அதனால் பட்டியலில் தன் பெயர் இல்லாவிட்டாலும் சேலத்தின் பெயர் வழியாக உரிமை வருகிறது. ஹேஸ்ஓன் கேட்டால் இல்லை, இன் கேட்டால் உண்டு. முன்னோர் சங்கிலியின் மிகச்சுத்தமான உதாரணம் இந்திய அரசிதழில் இருக்கிறது, நாம் பிள்ளைகளுக்கு விலங்கு, நாய், பூனை என்று சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

இன்னும் நீளமான சங்கிலிகளும் உண்டு. கல்வராயன் மலையின் பெரும்பகுதி இன்று கள்ளக்குறிச்சி மாவட்டம். அது 2019இல் விழுப்புரத்திலிருந்து பிரிந்தது. விழுப்புரம் 1993இல் தென் ஆற்காட்டிலிருந்து. ஏலகிரி இருப்பது திருப்பத்தூரில், அது 2019இல் வேலூரிலிருந்து வந்தது, வேலூர் பழைய வட ஆற்காடு. தென் ஆற்காடு, வட ஆற்காடு என்ற பெயர்களில் இன்று மாவட்டமே கிடையாது. இல்லாத தாத்தாவின் பெயரில் பேரன்கள் சொத்து அனுபவிக்கிறார்கள், அதில் தப்பொன்றும் இல்லை, சங்கிலி வேலை செய்கிறது. தர்மபுரியும் (சேலத்திலிருந்து 1965) புதுக்கோட்டையும் (1974) 1976க்கு முன்பே பிறந்துவிட்டதால் அவற்றுக்குச் சொந்தப் பெயரே பட்டியலில் உண்டு.

இப்போது பர்கூர் மலைக்கு வாருங்கள். ஈரோடு மாவட்டம், அந்தியூருக்கு மேலே. அங்கேயும் மலையாளிகள் இருக்கிறார்கள். பட்டியலில் ஈரோடு இல்லை. சங்கிலியில் மேலே போனால், 1979இல் ஈரோடு பிரிந்து வந்தது கோயம்புத்தூரிலிருந்து. கோயம்புத்தூரும் அடைப்புக்குறிக்குள் இல்லை. அதற்கு மேல் நல். பதில்: அன்டிஃபைன்ட்.

அவர்களிடம் இல்லாதது ஒன்றுமில்லை. அதே பெயர், அதே மலைவாழ்வு, காஞ்சியிலிருந்து வந்த பெரியண்ணன், நடுவண்ணன், சின்னண்ணன் என்ற மூன்று அண்ணன் தம்பிகள் ஆளுக்கொரு மலை ஏறினார்கள் என்ற அதே மலையாளி இனத்துக் கதைமரபு. அதே பர்கூர் மலையில் பக்கத்து ஊர்ச் சோளகருக்குச் சான்றிதழ் உண்டு. கிழக்கே மாவட்ட எல்லையைத் தாண்டினால் சேலம், அங்கே மலையாளி பழங்குடி. இந்தப் பக்கம் இல்லை. என் உள்ஜன்னல் பட்டியலுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? மூன்று நாளில் என் கோளாறு தீர்ந்தது. இவர்கள் பத்தாண்டுகளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

"ஒரு காகிதத்துக்காக இத்தனை பேச்சா?" என்று சமவெளி நண்பர் ஒருவர் கேட்டார். காகிதத்தில் என்ன இருக்கிறது என்று சொல்கிறேன். பழங்குடியினர் விடுதியில் இடம், கல்வி உதவித்தொகை, மருத்துவக் கல்லூரி ஒதுக்கீடு. அதைவிட முக்கியமானது காடு. 2006 வன உரிமைச் சட்டத்தின்படி பழங்குடியாக இருந்தால் 2005 டிசம்பர் 13க்கு முன்பிருந்து அந்தக் காட்டில் வாழ்ந்து அதை நம்பியிருந்ததைக் காட்டவேண்டும். பழங்குடி இல்லையென்றால் நீங்கள் 'இதரப் பாரம்பரிய வனவாசி'. மூன்று தலைமுறை, அதாவது 75 ஆண்டு வாழ்ந்ததாகக் காட்டவேண்டும். தாத்தா காலத்தில் பட்டா எவன் வைத்திருந்தான் மலையில்? ஓர் அடைப்புக்குறி உழுத நிலத்துக்கும் உழுதவனுக்கும் நடுவில் வந்து உட்கார்ந்திருக்கிறது.

சரி, நீதிமன்றம் போகலாமே? போகலாம், பயனில்லை. 2000இல் மிலிந்த் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல்சாசன அமர்வு, பட்டியலை எழுதியபடியே படிக்கவேண்டும், இதற்குள் அதுவும் அடங்கும் என்று காட்ட சாட்சி விசாரணை கூடாது என்றது. சேர்ப்பதும் நீக்குவதும் நாடாளுமன்றத்தின் வேலை. அதை நான் ஏற்கிறேன், சொல்லப்போனால் ஒரு நிரல்காரனாக எனக்கு அது பிடித்தும் இருக்கிறது. ஓடுகிற இடத்தில் ஆளாளுக்கு மூதாதையைத் திருத்த ஆரம்பித்தால் என்ன ஆகும் என்று எங்களுக்குத் தெரியும். பழைய நூலகங்கள் சில அரேவின் முன்னோரிடமே தங்கள் செயல்களைச் செருகிவைத்தன. அப்படி ஒரு தளத்தில் நான் வேலை பார்த்திருக்கிறேன். பில் தொகையைக் கூட்ட யாரோ ஃபார்இன் சுற்று எழுதியிருந்தார். அது சொந்தப் பண்போடு வாரிசாக வந்த பண்பையும் சேர்த்துச் சுற்றும். வாடிக்கையாளருக்குப் போன பில்லில் மொத்தம் என்ற இடத்தில் தொகைக்குப் பின்னால் ஃபங்ஷன் என்று ஆரம்பித்து நாலு வரி நிரல் அச்சாகியிருந்தது. 2019இல் லோடாஷ், ஜேக்வெரி இரண்டிலும் கண்டுபிடித்து அடைத்த ஓட்டைகள் இதே ரகத்தின் விஷம் ஏறிய வடிவம். வெளியாள் ஒருவன் மூத்த கிழவரிடமே ஒரு பண்பை எழுதிவிட முடியும், அந்த நொடியிலிருந்து எல்லாப் பிள்ளைகளுக்கும் அது வந்துவிடும். ப்ரோட்டோடைப் மாசு என்று அதற்குப் பெயர்.

மூதாதைமேல் ஒரு சொல்லை எழுதி எல்லாப் பிள்ளைகளையும் அதற்கு வாரிசாக்கும் வேலையைக் கணினி வருவதற்கு முன்பே வெள்ளைக்காரன் செய்திருக்கிறான். 1871 குற்றப் பரம்பரைச் சட்டம் வேறென்ன? குழந்தை பிறந்தவுடன் ஹேஸ்ஓன் கேட்டிருந்தால் ஒன்றும் இல்லை என்று வந்திருக்கும்.

ஆக, பட்டியலைத் திருத்துகிற அதிகாரம் ஓரிடத்தில் இருப்பது சரி. ஆனால் அந்த ஓரிடம் வேலை செய்யவேண்டுமே. 2022 டிசம்பரில் நாடாளுமன்றம் நரிக்குறவர், குருவிக்காரர் பெயர்களைத் தமிழ்நாட்டுப் பட்டியலில் சேர்த்தது. மனம் வைத்தால் ஒரு கூட்டத்தொடரில் ஆகிற காரியம் என்று அது காட்டுகிறது.

என்னை எதிர்ப்பவர்களின் வலுவான வாதத்துக்கு வருகிறேன். "போலிச் சான்றிதழ் தெரியுமா உனக்கு? கெடுபிடி இல்லாவிட்டால் சமவெளிக்காரன் எல்லாம் மலையேறிவிடுவான்." தெரியும். உண்மையான பழங்குடிப் பிள்ளையின் இடத்தை அது தின்கிறது, நான் பல்லைக் கடித்துக்கொண்டு சொல்கிறேன். ஆனால் எந்தச் சோதனை போலியைப் பிடிக்கிறது என்று பாருங்கள். பெயர்ப்பலகைச் சோதனை பிடிக்காது. சரியான மாவட்டத்தில் ஒரு முகவரியும் சரியான பெயரும் வாங்கத் தெரிந்தவன் அதைத் தாண்டிவிடுவான். என் வகுப்பிலேயே நடந்தது. பிள்ளைகள் ஒரு பதிவேடு எழுதினார்கள். புதுப் பெயர் வந்தால், ஏற்கெனவே உண்டா என்று இன் போட்டுப் பார்த்துச் சேர்க்கும். திரையில் தானாக வந்து விழும் சொற்களில் ஒன்றைப் பார்த்துவிட்டு ஒரு குறும்பன் தன் பெயர் டூஸ்ட்ரிங் என்று அடித்தான். 'இந்தப் பெயர் ஏற்கெனவே பதிவாகியிருக்கிறது' என்றது. பதிவேடு காலி! டூஸ்ட்ரிங் மூத்த கிழவரிடமிருந்து வந்த சரக்கு. காலியான பதிவேட்டுக்கும் அந்தக் கிழவர் தாத்தாதான். இங்கே கேட்கவேண்டியது ஹேஸ்ஓன், அல்லது பதிவேட்டையே முன்னோர் இல்லாத அநாதைப் பொருளாகப் பிறப்பித்திருக்க வேண்டும். கேள்வியைத் தப்பாகக் கேட்டுவிட்டு கெடுபிடியைக் கூட்டினால் உண்மையானவன் வெளியே நிற்பான், டூஸ்ட்ரிங் உள்ளே போவான்.

அடுத்து இன்னொரு சோதனை இருக்கிறது. நிரலில் அதற்கு வாத்துச் சோதனை என்று பெயர்: வாத்து மாதிரி நடக்கிறதா, வாத்து மாதிரி கத்துகிறதா, சரி வாத்துதான். 1994இல் மாதுரி பாட்டீல் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூர்நோக்குக் குழுக்களை அமைக்கச் சொன்னபோது, அந்தக் குடியின் தெய்வம், சடங்கு, திருமண முறை, சாவுமுறை எல்லாம் விசாரிக்கச் சொன்னது. நோக்கம் நல்லது. நடைமுறையில் என்ன ஆனது? நாமக்கல்லில் ஹாஸ்டலில் வளர்ந்து, கைபேசியில் விஜய் பாட்டுக் கேட்கிற பையனிடம் போய், உன் குலதெய்வத்துக்கு எந்த மாதம் என்ன படைப்பார்கள் என்று கேட்பது. தெரியாது என்றால் சந்தேகம். எட்டுக்கை அம்மன் கோயிலுக்கு அவனைவிட அதிகம் போகிற சேலத்து டூரிஸ்ட் அதில் நூறு மார்க் வாங்குவான். பழங்குடி என்றால் மாறாமல் இருக்கவேண்டும் என்று யார் சொன்னது? இந்த மலையிலேயே சாமையும் தினையும் விளைந்த காடுகளில் சேகோ ஆலைக்குப் போகும் மரவள்ளி ஏறிவிட்டது. அதனால் இவர்கள் வேறு ஆளாகிவிட்டார்களா? 2023இல் உச்ச நீதிமன்றமே மகாராஷ்டிர ஆதிவாசி தாக்கூர் வழக்கில், இந்த ஒட்டுறவுச் சோதனை முடிவான உரைகல் அல்ல, இடப்பெயர்வும் நவீன வாழ்வும் பழக்கங்களை மாற்றியிருக்கும், முன்னோரின் பழைய ஆவணங்களுக்கே அதிக மதிப்பு என்று சொல்லிவிட்டது. என் மொழியில் சொன்னால்: வாத்துச் சோதனையை விடு, கயிற்றைப் பிடித்து மேலே போ.

அங்கேயும் கண்ணி ஒன்று உண்டு. மறைப்பு என்று முன்னால் சொன்னேனே, அது. மலையாளிகள் பெயருக்குப் பின் கவுண்டர் என்று போடுகிறவர்கள். தங்களைக் காராளர், வேளாளர் என்று சொல்லிக்கொள்ளும் பழக்கமும் இருந்திருக்கிறது. தர்ஸ்டன் நூற்றாண்டுக்கு முன்பே இதைக் குறித்திருக்கிறார். பழைய பள்ளிப் பதிவேட்டில் ஒரு வாத்தியார் 'கவுண்டர்' என்று எழுதிவிட்டுப் போயிருப்பார். இன்று அதை எடுத்துப் பார்க்கிற அலுவலர், இது கொங்குக் கவுண்டராயிற்றே என்பார். பொருளின் மேலே எழுதிய சொந்தப் பண்பு, கீழே ஓடும் வாரிசுப் பண்பை மறைத்துவிட்டது. மறைந்ததே தவிர அழியவில்லை. அதைக் கண்டுபிடிக்க மேலே எழுதியதை விலக்கிவிட்டுப் பார்க்கத் தெரியவேண்டும். கோட்டாட்சியர் அலுவலகத்தில் ஒரு பிற்பகலில் நாற்பது மனு பார்க்கிறவருக்கு அதற்கு நேரமில்லை என்பதும் எனக்குத் தெரியும். அவரை நான் எதிரியாக்கவில்லை. அவர் கையில் கொடுக்கப்பட்டிருக்கிற செயற்குறி தப்பு.

"மனுஷங்களும் ஆப்ஜெக்டும் ஒண்ணா?" என்று கேட்பீர்கள். இல்லை. ஒப்புமை எங்கே உடைகிறது என்பதையும் நானே சொல்லிவிடுகிறேன். ஜாவாஸ்கிரிப்ட் பொருளுக்கு ஒரே முன்னோர்தான், மனிதனுக்கு அம்மா அப்பா இரண்டு பேர். அம்மா வழியையும் எண்ணவேண்டுமா என்று கலப்புமணப் பிள்ளைகள் வழக்கில் நீதிமன்றங்கள் திணறுவது அதனால்தான். பொருளின் முன்னோரை ஓடும்போதே மாற்றலாம், மனிதனுக்கு முடியாது. முக்கியமாக, தப்பான விடை வந்தால் பொருளுக்கு வலிக்காது. ஆனால் உடையாத இடம் ஒன்று இருக்கிறது. இரண்டு இடத்திலும் கேள்வியை எழுதுகிறவன் மனிதன். எந்தச் செயற்குறியைப் போடுவது என்பது அவன் தேர்வு. 'கம்ப்யூட்டர் அப்படித்தான் சொல்லுது', 'சட்டம் அப்படித்தான் சொல்லுது' என்று அவன் கைகழுவமுடியாது.

இதனால்தான் வகுப்பில் 'கிளாஸ்' என்ற சொல்லை நான் கடைசியில் வைத்திருக்கிறேன். முதல் மாதம் முழுக்கக் கயிறு மட்டும்தான். ஒரு பொருளைச் செய், அதைக் காட்டி இன்னொன்றைச் செய், கேள், மறை, மறைத்ததை விலக்கிப் பார். என் கம்பெனி நண்பர்கள் சிரிக்கிறார்கள், "இன்டர்வியூல இதெல்லாம் எவன் கேப்பான்" என்று. கேட்கமாட்டான்தான். கேட்கிறவனும் இன்ஸ்டன்ஸ்ஆஃப் படித்துவந்தவன்.

பர்கூர்க்காரங்க மாதிரி என்று சொன்ன பெண் டிசம்பரில் ஒரு நிரல் எழுதிக் காட்டினாள். பத்துப் பதினைந்து மாவட்டங்கள், ஒவ்வொன்றும் தான் பிரிந்துவந்த மாவட்டத்தை முன்னோராகக் கொண்ட பொருள். ஆறு பழைய மாவட்டங்களில் மட்டும் 'மலையாளி: ஆம்' என்று சொந்தப் பண்பு. நாமக்கல் என்று கேட்டாள், ஆம். கள்ளக்குறிச்சி, இரண்டு படி ஏறி, ஆம். ஈரோடு, அன்டிஃபைன்ட்.

"சார், இதுல தப்பு கோடுலயா, டேட்டாலயா?"

"கோடு சரியாத்தான்மா இருக்கு."

"அப்ப டேட்டாவ யாரு சார் மாத்துவாங்க?"

டெல்லியில் என்றேன். அவள் ஈரோடு வரிக்குப் பக்கத்தில் ஒரு குறிப்பு எழுதிச் சேமித்தாள், நாலரை பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதால் அது என்ன என்று நான் படிக்கவில்லை.